ஹாரனக்காவின் சிவப்பு மூட்டைகள்

மருத்துவமனை அழுக்குத் துணி ஏற்றும் வண்டியை ஓட்டுகிறவள் என்று சொன்னால் யாருக்கும் அவள் முகம் நினைவுக்கு வராது. வண்டிச் சத்தத்தைச் சொன்னால் வரும். தெருவில் ஆள் குறுக்கே வந்தாலும் ஹாரன் அடிப்பாள், ஆளே இல்லாவிட்டாலும் அடிப்பாள். ஊருக்கெல்லாம் அவள் ஹாரனக்கா. ஆள் குள்ளம். இருக்கையில் மடித்த போர்வையைப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தால்தான் கண்ணாடிக்கு வெளியே ரோடு தெரியும். வாய் பேசத் தொடங்கும் முன்பே கை பேசிவிடும். கல்யாணமான புதிதில் கணவன் ஓர் அறை விட்டானாம். இவள் ஜாக்கியை எடுத்து வீச, அவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. அவன் போனவன் போனவன்தான்.

"எலும்பு சேந்துடுச்சாம் சிஸ்டர். நாங்கதான் சேரல," என்பாள்.

அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் தங்கை. அந்தத் தங்கையால்தான் எனக்கு ஹாரனக்கா பழக்கமானாள்.

கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தங்கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போது நான் அரசு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்தேன். உடலைக் கழுவ ஆள் இல்லை என்று என்னை அனுப்பினார்கள். தண்ணீரில் ஊறிய உடம்பைத் தேய்த்துக் கழுவக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றிக்கொண்டிருக்கும்போது ஹாரனக்கா உள்ளே வந்தாள். கழுத்தைச் சுற்றி ஓடிய கறுத்த கோட்டைப் பார்த்தாள். விரலை வைத்து அதன் அகலத்தை அளந்தாள்.

"சார்ஜர் வயர்," என்றாள். அழவில்லை. தங்கைக்குத் தலை சீவிவிட்டாள்.

தங்கையின் கணவன் ஒரு லாரி ஆபீசில் கிளார்க். பெல்ட்டால் அடிக்கிறவன் என்று தெருவுக்கே தெரியும். அவள் செத்த அன்றைக்கு முழுவதும் அவனும் அவன் நண்பனும் போனில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எத்தனை மணிக்கு எழுதினார்கள் என்று காட்ட முடிந்தது, என்ன எழுதினார்கள் என்று யாராலும் காட்ட முடியவில்லை. எழுதுகிறவர், வாங்குகிறவர் இருவரைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய செய்தியாம். "எங்களாலேயே திறக்க முடியாது," என்று அந்த நிறுவனம் கைவிரித்தது. சாட்சி போதவில்லை என்று அவனை ஜாமீனில் விட்டு வழக்கைக் கிடப்பில் போட்டார்கள். நீதிமன்றப் படியில் அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். ஹாரனக்கா துணிப்பையிலிருந்து வீல் ஸ்பேனரை உருவினாள். அவனது முன்பற்கள் படியில் சிதறின, ஒரு காது பாதி கிழிந்து தொங்கியது. அதற்காக அவள் கொஞ்ச காலம் சிறையில் இருந்துவிட்டு வந்தாள்.

"பல்செட் வெச்சப்புறம் முன்னவிட லட்சணமா இருக்கான் அந்த நாய்," என்று காறித் துப்பினாள்.

பூட்டிய செய்திகளுக்கெல்லாம் ஒரு மாற்றுச் சாவி அரசிடம் இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவரப் பேச்சு எழுந்தது அப்புறம்தான். எதிர்த்துப் பேசியவர்கள் நிறையப் பேர். ஹாரனக்கா தங்கையின் படத்தைத் தூக்கிக்கொண்டு ஆதரவுக் கூட்டங்களின் மேடையில் எல்லாம் ஏறினாள். மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை.

என் வீட்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் தம்பிக்கும் அவளுக்கும் இதைப் பற்றி நடந்த சண்டையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"போலீசுக்கு மட்டும்னு ஒரு வழி விட்டா அது போலீசுக்கு மட்டுமே இருக்கும்னு நெனைக்கிறியாக்கா?"

"போலீஸ் படிச்சா உனக்கு என்னடா குடையுது? அப்படி என்ன வெச்சிருக்க போன்ல? உன் பொண்டாட்டியக் கூப்பிடட்டுமா?"

"போலீஸ்ல எல்லாரும் நல்லவனா?"

"கெட்ட போலீஸ்காரன் கையில லத்தி இருக்கு, துப்பாக்கி இருக்கு. அதெல்லாம் புடுங்கிட்டியா நீ?"

"லத்தியால அடிச்சா தடம் தெரியும்கா. படிச்சா தடமே தெரியாது. படிச்சான்னுகூட உனக்குத் தெரியாது."

"என் தங்கச்சி கழுத்துல தடம் தெரிஞ்சுதேடா. ஊரே பாத்துச்சே. என்னத்தக் கிழிச்சீங்க?"

தம்பி கடைக்குத் திரும்பிப் போனான். 

சட்டம் வந்தது. காவல் தலைமையகத்தில் அதற்கென்று ஓர் அறை ஒதுக்கினார்கள். ஜனங்கள் அதைத் திறப்பறை என்றார்கள். தங்கையின் வழக்கு மறுபடி எடுக்கப்பட்டது. நண்பன் அதே போனை வைத்துக்கொண்டிருந்ததால் எல்லாம் அப்படியே கிடைத்தது. நீதிமன்றத்தில் படித்தார்கள். "தொட்டியில தண்ணி இருக்கா பாரு" என்று ஒருவன் எழுதியிருந்தான். "கழுத்து வரைக்கும் இருக்கு" என்று மற்றவன். இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஹாரனக்கா வெளியே வந்து வண்டியில் ஏறி, தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி ஹாரனை அழுத்திப் பிடித்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை.

இனி எங்கள் வேலையைச் சொல்கிறேன். ஓய்வுக்குப் பிறகு, எழுந்து நடக்க முடியாதவர்களைப் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் இல்லம் தொடங்கினேன். எங்கள் படுக்கைத் துணியை எடுத்துப் போவதும் துவைத்ததைக் கொண்டுவந்து இறக்குவதும் ஹாரனக்காவின் வண்டிதான். பின்கட்டில் இரண்டு அறைகள் காலியாகக் கிடந்தன.

"சிஸ்டர், பின்னாடி ரூம் சும்மாதானே கெடக்கு? ஒருத்திய ரெண்டு நாள் வெச்சுக்கோயேன்," என்று அவள் ஆரம்பித்ததுதான். மருத்துவமனைகளுக்குள் தினமும் போய் வருகிறவள். "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்று சொல்லும் பெண்களை அவளுக்கு ஒரு பார்வையில் தெரியும். விழுந்தவளுக்கு உள்ளங்கை சிராய்ந்திருக்கும், அடிபட்டவளுக்கு முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே நீலம் பாரித்திருக்கும், மறித்துத் தடுத்ததால்.

துணி மூட்டையில் வெள்ளைச் சீட்டு, சிவப்புச் சீட்டு என்று இரண்டு உண்டு. சிவப்பு என்றால் ரத்தம், சீழ், தொற்று. அதை எந்த வாட்ச்மேனும் பிரித்துப் பார்க்க மாட்டான், எந்தக் கணவனும் கிட்டே வர மாட்டான். சிவப்பு மூட்டைகளை வண்டியின் பின்பக்கம் சுவர் மாதிரி அடுக்கி, அவற்றுக்கு உள்ளே பெண்ணை உட்கார வைத்துக் கொண்டுவருவாள். வாசல்களில் மச்சினன்மார்கள் காவல் நின்றிருக்கிறார்கள். நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு வழி விட்டிருக்கிறார்கள்.

கிளம்பும் முன்பு காயத்தை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள். தையல் போடணுமா, கட்டை வைத்துக் கட்டணுமா, டாக்டரைக் கூப்பிடணுமா என்று நான் தயாராக வேண்டாமா? முகம் இருக்காது. பேர், விலாசம் இருக்காது. "சிவப்பு ஒண்ணு, கடைசி இறக்கம்" என்று ஒரு வரி. சிவப்பு என்றால் பெண், அவள் கடைசியாகத் துணி இறக்கும் இடம் எங்கள் இல்லம். அவ்வளவுதான். அவர்கள் தேறி வேறு இடத்தில் வேலைக்குப் போன பிறகும் எழுதுவாள். "தாடைக்காரி பேக்கரில நிக்கிறா, பல்லுக் கம்பி பிரிக்கணும்" என்று. "தீக்காயத்துக்குக் களிம்பு தீந்துபோச்சாம்" என்று. எங்களுக்கு அவர்கள் தாடை, விலா எலும்பு, தீக்காயம், கண். பேர் தெரியாவிட்டால் யார் கேட்டாலும் சொல்ல முடியாது என்பது அவள் வைத்த விதி.

சட்டம் வந்த பிறகு கடைத் தம்பி சொன்னான்: "இனிமே இதெல்லாம் போன்ல அனுப்பாதக்கா."

"நாம என்னடா கொலையா பண்றோம்? எந்த ஆபீசர் வந்து இவளுங்க புண்ணப் பாத்துட்டு உக்காந்திருக்கப் போறான்?"

ஒரு மத்தியானம் ஒரு பெண்ணின் படம் வந்தது, கணக்கு டீச்சர் என்று பிறகுதான் தெரிந்தது. இடது தோள்பட்டையில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தியிருந்தார்கள். வைத்து உடனே எடுத்த தடம் அல்ல, எண்ணிக்கொண்டே பிடித்த தடம். பெட்டியின் கூர்முனை, ஆவி வரும் துளைகளின் வரிசை எல்லாம் தோலில் அச்சாக விழுந்திருந்தன. அவள் வந்து சேர்ந்ததும், புண்ணின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஜாக்கெட்டை நனைத்து நனைத்துத்தான் பிரிக்க முடிந்தது, தோலும் கூடவே வந்தது. அவள் கத்தவில்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரர் இன்ஸ்பெக்டர்," என்றாள். "அவர் தேட ஆரம்பிச்சா கண்டுபிடிச்சிடுவார்."

அவர் தேடினார். எல்லாம் முறைப்படி. மனைவியைக் கடத்திவிட்டார்கள் என்று புகார் எழுதினார். மருத்துவமனைக் கேமராவில் துணி வண்டி தெரிந்தது. வண்டி ஓட்டுகிறவளின் போனைத் திறக்க அனுமதி கேட்டார். மேலதிகாரி கையெழுத்துப் போட்டார், நீதிபதி கையெழுத்துப் போட்டார், திறப்பறை திறந்து கொடுத்தது. பொய் ஒன்றே ஒன்றுதான், முதல் வரியில். மற்றதெல்லாம் சரியான தாள்.

அத்தனை படங்களையும் தள்ளிக்கொண்டே வந்திருப்பார். தன் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் தடம் அவருக்கு அடையாளம் தெரியாமலா போகும்?

விலாசம் எங்கேயும் இல்லை. அதற்கு அவர், அந்த வண்டியை அனுப்பும் சலவை ஆலையின் மேனேஜரிடம் போனார். மேனேஜர் பிறகு என் முன்னால் நின்று அழுதபடி இதைச் சொன்னார். "சிவப்பு மூட்டைய எங்க இறக்குவீங்கன்னு கேட்டார்மா. சிவப்ப யாராவது எறக்குவாங்களா சார், எடுத்துட்டு வந்து கொதிக்க வைக்கிறதுதான்னு சிரிச்சேன். அப்போ அந்தம்மா கடைசியா துணி இறக்குற எடம் எதுன்னார். படுக்கைக்காரங்க இல்லம்னேன். எனக்கு என்னம்மா தெரியும்?"

அவருக்குத் தெரியாதுதான். தெருவில் போகிற யாருக்கும் அந்த வரி புரிந்திருக்காது. சலவைத் தொழிலில் சிவப்பு மூட்டை ஏறும், இறங்காது. தொழிலில் இல்லாத ஒரு வேலையைத் தொழில் பேச்சிலேயே எழுதியதுதான் எங்கள் தவறு.

காலை நேரம். புண் வராமல் இருக்க ஒரு பெரியவரைப் புரட்டிப் போட்டு முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் சீருடையில் வந்தார். கூட வயதான ஓர் ஏட்டு. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது யாரோட முதுகு?"

"நாள் பூரா முதுகுதான் சார் கழுவறேன். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு."

என் கன்னத்தில் அறை விழுந்தது. காதுக்குள் ரீங்காரம் கிளம்பியது. அவர் கட்டில் கட்டிலாகப் போர்வையை இழுத்துக்கொண்டே போனார். சிறுநீர்ப் பை காலில் சிக்கியதும் ஆத்திரத்தில் ஓர் உதை. குழாய் பிய்ந்துகொண்டு வந்தது, படுத்திருந்த கிழவி வீரிட்டாள். "சார், நோயாளிங்க சார்," என்ற ஏட்டை, "வாசல்ல போய் நில்லுய்யா," என்று துரத்தினார். பின்கட்டுக் கதவை ஒரே உதையில் திறந்தார்.

டீச்சரை முடியைப் பிடித்து நடைவழி நெடுக இழுத்து வந்தார். அவள் ஒரு கட்டில் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் பூட்ஸால் அவள் விரல்களை மிதித்தார். எலும்பு நொறுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. முதுகுக் கட்டு அவிழ்ந்து புண் தரையில் தேய்ந்து, நடைவழியில் ஈரமாக ஒரு பட்டை விழுந்தது.

"இன்னொரு தோள் இருக்குல்ல? வீட்டுக்கு வா," என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

அப்போதுதான் ஹாரனக்கா வாசலில் வண்டியின் பின்கதவைத் திறந்து துணி இறக்கிக்கொண்டிருந்தாள். பார்த்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பேனர் அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கியது. அவர் தடுமாறினார், விழவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, கையை வண்டிக் கதவின் இடுக்கில் வைத்து, கதவை அறைந்து சாத்தினார். திறந்தார். மறுபடியும் சாத்தினார். இரண்டு விரல்கள் தோலில் மட்டும் தொங்கின. அவளைக் கீழே தள்ளி வயிற்றில் உதைத்துவிட்டு, டீச்சரை ஜீப்பின் முன்னிருக்கையில் திணித்தார். ஜீப், வண்டிக்குப் பின்னால் நின்றது.

ஹாரனக்கா தவழ்ந்து போய் வண்டியில் ஏறினாள். ஒற்றைக் கையால் கியரைப் பின்னுக்குத் தள்ளினாள். அவர் ஜீப்பின் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் இருக்கைக்கு வந்துகொண்டிருந்தார். வண்டி பின்னோக்கிப் பாய்ந்தது. ஜீப்பின் முகப்புக்கும் வண்டியின் பின்புறத்துக்கும் நடுவே அவர் இடுப்புக்குக் கீழே நசுங்கினார். வண்டி முன்னே நகர்ந்தபோது அவர் மடிந்து விழுந்தார். தொடை எலும்பு பேண்ட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. ரத்தம் விட்டு விட்டுப் பீறிட்டது. அப்படிப் பீறிட்டால் தமனி அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதிக நேரம் கிடையாது.

நான் போர்வையைக் கிழித்துத் தொடையின் மேற்பக்கம் சுற்றி, முடிச்சுக்குள் ஸ்பேனரைச் செருகி முறுக்கினேன். ரத்தம் நின்றது.

ஹாரனக்கா தன் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஏன் சிஸ்டர் கட்டுற? சாகட்டும் விடு."

"இவன் செத்தா உனக்குத் தூக்கு. பொழச்சா வருஷக் கணக்கு. அந்தக் கையத் தலைக்கு மேல தூக்கிப் புடி."

தூக்கிப் பிடித்தாள். ஏட்டு வாசலில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. "நான் எதையும் பாக்கலம்மா," என்றார்.

"பாத்திருந்தா மட்டும்?" என்றாள் ஹாரனக்கா.

அந்த அமளியில், சத்தம் கேட்டு ஓடி வந்த கடைத் தம்பி டீச்சரை ஜீப்பிலிருந்து இறக்கிப் பின்வழியாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். எங்கே என்று அன்றும் நான் கேட்கவில்லை, இன்றும் எனக்குத் தெரியாது.

கொலை முயற்சி வழக்கு. அவளுக்கு அமைந்த வக்கீலம்மா கெட்டிக்காரி. சிறையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோம்.

"உங்க செய்திகள அரசுத் தரப்பு வெச்சிருக்கு. அதையே நான் கேட்டு வாங்கி கோர்ட்ல படிக்க வைக்கிறேன். அந்த இஸ்திரித் தடத்தப் பாத்தா, ஒரு உயிரக் காப்பாத்தத்தான் வண்டிய எடுத்தீங்கன்னு யாருக்கும் புரியும். விடுதலைக்கு நல்ல வாய்ப்பு இருக்கு."

"அந்த ஒரு படம் மட்டுமா?"

"அப்படிப் பிரிக்க முடியாது. மொத்தமும் வரும். எதிர்த் தரப்புக்கும் நகல் போகும்."

"பேக்கரி, களிம்பு, கம்பி எல்லாம்?"

"எல்லாம்."

ஹாரனக்கா கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் குத்தத்த ஒத்துக்கிட்டா?"

"விசாரணை கிடையாது. எதையும் படிக்க மாட்டாங்க. ஆனா நீங்க ரொம்ப வருஷம் உள்ள இருக்கணும். வயசு யோசிங்க."

"யோசிச்சிட்டேன் வக்கீலம்மா."

வக்கீலம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மேடை மேடையா ஏறிக் கேட்டு வாங்கின சட்டம்தானே இது? இப்பவும் அது சரின்னு சொல்றீங்களா?"

"அது இல்லேன்னா என் தங்கச்சியக் கொன்னவன் இன்னைக்கு வெளிய பல்லு குத்திட்டிருப்பான். அத நான் மறக்க மாட்டேன். இது இருந்ததால டீச்சர் கை போச்சு. அதையும் மறக்க மாட்டேன். ரெண்டையும் வெச்சுக்கிட்டு எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. ஒத்துக்கிறேன்னு எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் சக்கர நாற்காலியில் வந்து தண்டனையைக் கேட்டுவிட்டுப் போனார். ஒரு கால் இல்லை. வேலை இன்னும் இருக்கிறது, மேசை வேலை.

நீதிமன்றத்தில் எதையும் படிக்கவில்லை. ஆனால் திறப்பறையில் நகல் இருக்கிறதே. அதை யார் எப்போது பார்க்கிறார்கள் என்று நமக்கு யார் சொல்லப் போகிறார்கள்? அதனால் நான் போனைத் தொடாமல், ஹாரனக்கா காதோடு சொன்ன இடங்களுக்குப் பஸ் ஏறி, ஒவ்வொரு பெண்ணாக நேரில் போய்ப் பார்த்தேன். "இடத்த மாத்திக்கோ, இன்னைக்கே," என்றேன். விலா எலும்பு உடனே பெட்டியைக் கட்டினாள். கண் கொஞ்சம் அழுதுவிட்டுக் கட்டினாள். தீக்காயம் என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டுக் கட்டினாள்.

தாடை வேலை பார்த்த பேக்கரிக்குத்தான் கடைசியாகப் போனேன். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். கணவன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டதாகவும், அவள் அடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்றும், உள்ளங்கை வெந்தும் விடவில்லை என்றும் சொன்னார். அடுத்த வாரம் ரயில் பாதை ஓரமாகக் கிடந்தாளாம். அந்தக் கணவன் போலீஸ் இல்லை. அவன் தம்பி போலீஸ். அவன் திறப்பறையில்தான் கண்டுபிடித்தானா, வேறு எப்படியாவதா என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியாது.

சிறையில் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"எல்லாரும் பத்திரமா சிஸ்டர்?"

நோயாளியிடமும் நான் பொய் சொல்லிப் பழகியதில்லை. "ஒருத்தி இல்ல," என்றேன்.

 அவளுக்குக் கேட்கப் பேர் ஒன்றும் இல்லை.

"எந்தக் காயம்?"

"தாடை."

"கம்பி பிரிச்சமா அவளுக்கு?"

"பிரிச்சோம். நல்லாச் சேந்திருந்துச்சு. வாய் முழுசாத் திறந்துச்சு."

ஹாரனக்கா தலையை ஆட்டினாள். பிறகு, நல்ல கையை மடக்கிக் கம்பியில் குத்தினாள். காவலர் ஓடி வந்து பிடிக்கும்வரை குத்திக்கொண்டே இருந்தாள்.